மறதியும் கடனும்

சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனை நாம் பொய்யன் என்கிறோம். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுபவனைச் சோம்பேறி என்கிறோம். ஆனால் மனமார வாக்களித்து, மனமார நிறைவேற்ற விரும்பியும், நாற்பது வயது வரை அது கைகூடாமற் போகின்ற ஒருவனை என்னவென்று சொல்வது?

கடை வைத்திருப்போர் இத்தகையோரை நன்கறிவர். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாமானை மறந்து போவார். மின்சார பில் கட்டப் புறப்பட்டவர், வழியில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துக் கொண்டிருப்பார்; அதை மட்டும் மூன்று மணி நேரம் தலை நிமிராமல் செய்வார். "பிடித்த வேலைக்கு மட்டும் புத்தி வருகிறதே!" என்று வீட்டார் ஏசுவர். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்லும் நிலையில் கவனம் இல்லாமலில்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தும் கடிவாளம் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ந்தவர்களுள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்கு இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

இது புது நாகரிகத்தின் நோய் என்று சிலர் நகைக்கின்றனர். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902-லேயே இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தியிருக்கிறார். அமெரிக்க மனநல வைத்தியர்களின் 1968-ம் ஆண்டுக் கையேடு, இது பிள்ளைப் பருவத்து நிலை, வளர வளரக் குறையும் என்றது. பலருக்குக் குறைவதில்லை. ஓட்டமும் குதிப்பும் அடங்கி, உள்ளே அலைச்சலாக மாறிவிடுகிறது. ஆகவே இன்று நாற்பதைக் கடந்தவர்களில் பலர், பள்ளியில் பெஞ்சின் மேல் நிறுத்தப்பட்டதோடு சரி. வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்பட்டவரில்லை.

'மாமன்னன்' படத்தால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த நடிகர் ஃபஹத் ஃபாசில், 2024 மே மாதம் கேரளத்துக் கோதமங்கலத்தில் பிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தின் திறப்பு விழாவில், தமக்கு 41-ம் வயதில் இது கண்டறியப்பட்டதென்று மேடையிலேயே சொன்னார். சினிமாக்காரர் சொல் நமக்கெதற்கு என்பார் உண்டு. புகழும் பொருளும் உள்ளவர் சொல்லத் துணிந்தது, இல்லாதவர்க்கும் ஒரு வழி திறக்கும் என்பது நம் எண்ணம்.

நம் பகுதியில் அவ்வழியை அடைத்து நிற்பது ஓர் ஊர்ப் பெயர். செமோருக்கு அண்மையில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநோய் மருத்துவமனை இருந்து வருகிறது. பிள்ளை சற்றே துடுக்காக இருந்தால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று கேலி செய்தே வளர்ந்துவிட்டோம். அக்கேலியைக் கேட்டு வளர்ந்தவன் நாற்பதில் எப்படி மனநல டாக்டரைத் தேடிப் போவான்?

நிற்க. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா? "எல்லாம் சாக்கு" என்பார் ஒருபுறம். "என் மூளை அப்படி, என்னைக் கேட்காதே" என்பார் மறுபுறம். மதரஸாவில் ஓதியவர்க்கு இது புதிய வழக்கன்று. தொழுகையில் மறந்தவனை யாரும் பாவி என்பதில்லை. அதற்காக இரண்டு ஸுஜூது வைக்கப்பட்டிருக்கிறது. மறந்து உண்டவனுக்கு நோன்பு முறிவதில்லை. ஆனால் வாங்கிய கடனை மறந்தவனுக்குக் கடன் தீர்வதில்லை. அடுத்தவருடைய ஹக்கு அப்படியே நிற்கிறது. கட்ட மறந்த காருக்காகத் தாலியில் கோத்த கருகமணியை அடகு வைத்த மனைவியிடம், டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினால் போதாது. இழிசொல்லிலிருந்து அவனுக்கு விடுதலை உண்டு. அவளுக்குச் சேர வேண்டியதிலிருந்து இல்லை. அவளும் இதுகாறும் தன்மேல் அன்பில்லாததே காரணமென்று எண்ணி அழுதிருப்பாள். அதல்ல என்று அறிவது அவளுக்கும் ஆறுதலன்றோ?

மறதிக்கு மருந்தும் உண்டு, டாக்டர் எழுதித் தரவேண்டியது. எழுதி வைக்கும் பழக்கமும் ஓர் உதவி. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. நம் கடைகளில் தோட்டத்துக் கணக்கை 555 நோட்டில் குறித்து வைத்ததில் யாருக்கும் வெட்கமிருந்ததில்லை. கைப்பேசியில் மணியடித்து நினைவூட்டிக்கொள்வதில் மட்டும் என்ன வெட்கம்?

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படித் தோன்றச் செய்யும் என்பதால் தாமே முடிவு கட்டிக்கொள்ளலாகாது. 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் கேட்பார். பழைய பள்ளி ரிப்போர்ட் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லலாம். தாயார் ஹயாத்தோடு இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.