பழுது இருக்குமிடம்

வீட்டு மேசையில் கட்டிய ஓவர்டிரைவ் பெடல் முதல் நாளே பாடிவிடுவது அபூர்வம். கிதாரைச் செருகிச் சுவிட்சை மிதித்தால் ஒன்றும் வராது. அல்லது தொண்டை கட்டியவர் பேசுவது போல ஏதோ கரகரக்கும். கட்டியவர் பலகையைத் திருப்பிப் போட்டு, மல்டிமீட்டரோடு பழுதைத் தேட உட்காருவார். தேடப்படும் அந்தப் பழுது எப்படிப்பட்ட பொருள், அது பொருள்தானா என்ற கேள்வி அப்போது அவருக்கு எழாது. தத்துவமும் சமயமும் அந்தக் கேள்வியோடு வெகுகாலம் மல்லுக்கட்டியிருக்கின்றன.

பலரும் நகலெடுக்கும் பெடல், ஐபனேஸ் பெயரில் 1970களின் இறுதியில் வந்த டியூப் ஸ்க்ரீமர். வடிவமைத்தவர் ஜப்பானியரான சுசுமு தமுரா. 9 வோல்ட் பேட்டரியை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் பாதியாக்கி 4.5 வோல்ட் தரும். கிதாரின் சிக்னல் அந்த 4.5 வோல்ட்டை நடுக்கோடாக வைத்து மேலும் கீழும் ஆடும். எட்டுக் கால் ஐசி ஒன்று அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். எதிரெதிராக வைத்த இரண்டு சிலிக்கான் டையோடுகள் ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்கி, அலையின் உச்சியையும் பள்ளத்தையும் மழுங்கடிக்கும். ராக் ரசிகர்கள் உயிரை விடுவது அந்த மழுங்கலுக்குத்தான்.

இதன் வாசலில் 2எஸ்சி1815 என்ற ஜப்பானிய டிரான்சிஸ்டர் நிற்கிறது. அது கிடைக்காதபோது எளிதில் கிடைக்கும் 2என்3904ஐ வைத்துவிடுவது உண்டு. இரண்டுக்கும் ஒரே உருவம், ஏறக்குறைய ஒரே வேலை. கால்களின் வரிசைதான் வேறு: முன்னதில் கலெக்டர் நடுவில், பின்னதில் பேஸ் நடுவில். கவனிக்காமல் பழைய துளைகளிலேயே செருகினால், 4 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டிய எமிட்டர் 8 வோல்ட்டைத் தாண்டி நிற்கும், பெடல் ஊமையாகும். டிரான்சிஸ்டரைக் கழற்றிச் சோதித்தால் அது நன்றாகவே இருக்கிறது. பலகையின் தடங்களும் அப்படியே. கெட்டுப்போன பாகம் என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. பெடல் மட்டும் கெட்டுக் கிடக்கிறது.

1641இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் ரெனே டெக்கார்ட் இதே இடத்துக்கு வந்து நின்றார். அவர் எடுத்துக்கொண்டது கடிகாரம். சரியாக ஓடும் கடிகாரம் இயற்கை விதிகளுக்கு எவ்வளவு கட்டுப்படுகிறதோ, தப்பு நேரம் காட்டும் கடிகாரமும் அவ்வளவே கட்டுப்படுகிறது என்றார். பெடலிலும் அப்படித்தான். ஓமின் விதி ஊமைப் பெடலில் ஒரு துளியும் பிசகுவதில்லை. (பிசகினால் மல்டிமீட்டரை வைத்துப் பழுது பார்க்கவே முடியாது.) மைக்கேல் போலன்யி 1958இல் ‘பர்சனல் நாலெட்ஜ்’ நூலில் இதை இன்னும் இறுக்கினார்: இயற்பியலையும் வேதியியலையும் கரைத்துக் குடித்தவராலும், அவற்றை மட்டும் கொண்டு ஒரு பொருளை இயந்திரம் என்றோ, கெட்ட இயந்திரம் என்றோ அடையாளம் சொல்ல முடியாது. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

டெக்கார்ட்டுக்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே புனித அகஸ்தீன் வேறு வழியில் இங்கே வந்திருந்தார். தீமை தனிச் சக்தி என்ற மானிகேயர்களோடு இளமையில் இருந்தவர், பிற்பாடு தீமை என்பது நன்மையின் குறைவே என்று திரும்பினார். புண் ஆறினால் அது உடலை விட்டு வேறெங்கோ போய்க் குடியேறுவதில்லை, இல்லாமலே போகிறது என்பது அவர் வாதம். ரேடியோ மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்று சொல்லும் அரைகுறைப் பற்றவைப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். சூடேற்றிப் புது ஈயம் வைத்ததும் அந்தப் பழுது எங்கும் போய் ஒளிந்துகொள்வதில்லை. ஆனால் இரண்டு தடங்களுக்கு நடுவே வழிந்து ஒட்டிக்கொண்ட ஈயத் துளி? சுரண்டினால் கையில் வருகிறதே! ஈயம் நல்லதுதான், ஒழுங்குதான் குறைகிறது என்று அகஸ்தீன் பதில் சொல்லியிருக்கக்கூடும். சாமர்த்தியமான பதில், சுரண்டிக்கொண்டிருப்பவருக்கு நிறைவு தராது.

நாஷ்வில்லில் நடந்தது இன்னும் சங்கடமானது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ 1961இல் வெளியானது. அதன் பதிவின்போது கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிதார், கோளாறான மிக்ஸர் சானல் ஒன்றின் வழியே போய்க் கரகரத்தது. அதைத் தூக்கி எறியாமல் பாட்டிலேயே விட்டுவிட்டார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை வேண்டும்போது வரவழைக்கும் சர்க்யூட்டைச் செய்தார். கிப்ஸன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ 1965இல் அதைத் திசையெங்கும் கொண்டுபோனது. ஒலிப் பொறியாளர்கள் காலமெல்லாம் விரட்டிய பழுதைக் கிதார்க்காரர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அப்படியென்றால் பழுது என்பது வெறும் அபிப்பிராயமா? இல்லை. டியூப் ஸ்க்ரீமரில் அலையின் இருபுறமும் சமமாக மழுங்க வேண்டும். ஒரு டையோடைத் திருப்பி வைத்தால் ஒருபுறம் மட்டுமே மழுங்கும். அங்கே அது பிழை. பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஓடி-1 பெடலிலோ ஒரு பக்கம் இரண்டு டையோடு, மறு பக்கம் ஒன்று. சமமின்மையே அங்கே திட்டம். எது வேண்டும் என்று முடிவுசெய்வது மனிதர். முடிவுசெய்த பிறகு, கிடைத்ததா இல்லையா என்பது மீட்டருக்கு விட்ட விஷயம்.

டெக்கார்ட் கடிகாரத்தோடு நிறுத்தவில்லை. உடலில் நீர் கோத்து வீங்கிய நோயாளிக்குத் தாகம் எடுக்கிறது. குடித்தால் நோய் முற்றும். கடிகாரத்தின் பழுது என்பது பார்ப்பவர் சூட்டிய பெயர் என்று விட்டுவிடலாம், நோயாளியின் பொய்த் தாகம் அப்படியல்ல, மெய்யான பிழை என்றார் அவர். நல்ல கடவுள் படைத்த உடலில் அது எப்படி வந்தது? ஒரே உணர்வைப் பல காரணங்கள் எழுப்பலாம். பெரும்பாலும் உடலைக் காக்கும் ஏற்பாடு சில வேளை ஏமாற்றாமல் இருக்க முடியாது என்று கடவுள் சார்பில் அவர் வாதாடினார்.

இன்று கடவுளை விட்டுவிட்டு, பரிணாமத்தை உடலின் வரைபடமாக வைப்பவர்களுக்கும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. அரிவாள் செல் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் ரத்தக் குழாய்களை அடைத்து வதைக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952இலேயே பதிவானது. ஓரிடத்தில் பிழையும் மற்றோரிடத்தில் திட்டமுமான டையோடு போலத்தான் இதுவும் தெரிகிறது. ஆனால் கட்டியவர் அலமாரியில் போட்டு மறந்துவிட்டால் ஊமைப் பெடலைப் பழுது என்று சொல்ல ஆளில்லை. நீலகிரிக் குழந்தையின் எலும்பு வலியோ, வரைபடம் வைத்திருப்பவர் யாரும் வந்து பெயர் சூட்டும் முன்பே அந்தக் குழந்தையை அழவைக்கிறது. இந்த வேறுபாட்டைப் பொறுத்தவரை டெக்கார்ட் சொன்னது சரி. கடவுளுக்காக அவர் செய்த வாதம் தோற்றாலும் இது நிற்கும்.