எதில் சமம்?

1939 ஆகஸ்ட் 21. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அலெக்ஸாண்ட்ரியா நகரம். கறுப்பின இளைஞர்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பொது நூலகத்துக்குள் நுழைந்து உறுப்பினர் அட்டை கேட்டார்கள். முடியாது என்றார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாகப் படிக்க ஆரம்பித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு! இந்தப் போராட்டத்தைத் திட்டமிட்டவர் அதே ஊரில் வளர்ந்த வழக்கறிஞர் சாமுவேல் டக்கர். கறுப்பினத்தவரும் வரி கட்டிய ஊரில், அந்த வரிப்பணத்தில் நடக்கும் நூலகம் அவர்களுக்கு மட்டும் மூடியிருந்தது.

நகர நிர்வாகம் 1940-ல் ஒரு வழி கண்டது. கறுப்பினத்தவருக்கென்று ராபர்ட் ராபின்சன் பெயரில் தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிக்கொடுத்தது. டக்கர் அங்கே அட்டை வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கைதுக்கு இரண்டு மாதம் முன்பு, 1939 ஜூனில்தான் அமெரிக்க நூலகச் சங்கம் தன் உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. நூலகக் கூட்ட அரங்குகளை எந்த நம்பிக்கை கொண்ட குழுவுக்கும் சம நிபந்தனையில் தர வேண்டும் என்றது அது. கருத்துகளுக்குச் சம இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நிறத்தையோ மதத்தையோ காரணம் காட்டி ஒரு மனிதருக்கு நூலகத்தை மறுக்கக் கூடாது என்ற வாசகம் அதில் ஏறியது 1961-ல்தான். சமத்துவம் பேசியவர்களின் கண்ணுக்கே வாசலுக்கு வெளியே நின்றவர்கள் தெரிய இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

இன்று கதவு திறந்திருக்கிறது. அது போதுமா?

அமர்த்தியா சென் 1979-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையின் தலைப்பே ‘எதில் சமத்துவம்?’ என்பதுதான். எல்லோருக்கும் ஒரே அளவு பொருளைக் கொடுப்பதால் சமம் வந்துவிடாது, அதைக் கொண்டு அவரவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நூலகத்தில் இதை எளிதாகப் பார்க்கலாம். பார்வையற்றவர் கையில் அச்சிட்ட நாவலைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கொடுத்ததைத்தானே உனக்கும் கொடுத்தேன் என்று சொல்வது நியாயமாகாது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறதே, அது சலுகை அல்ல. மற்றவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருப்பது பார்வையற்றவர்களுக்கும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதை முன்பே உணர்ந்திருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்பது நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது. அந்த விதிகள் நூலாக வந்த அதே 1931-ல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் புறப்பட்டன. வர முடியாதவரைத் தேடி நூலகம்தான் போக வேண்டும் என்பது அந்த வண்டி சொன்ன அறம்.

ஆனால் பணமும் ஆட்களும் எங்கும் அளவோடுதான் இருக்கின்றன. நூலகம் எந்த நிகழ்ச்சியை நடத்துவது, நூறு பேர் வரும் பட்டிமன்றமா, ஆறு பேர் வரும் சைகைமொழிக் கதை நேரமா? தலையை எண்ணினால் பட்டிமன்றம்தான் ஜெயிக்கும். நூறு பேருக்கு அந்த மாலைப்பொழுதைக் கழிக்க வேறு இடங்கள் உண்டு. ஆறு பேருக்கு இதை விட்டால் இல்லை. கூட்டத்தை மட்டும் கணக்குப் பார்க்கும் நூலகம், ஏற்கெனவே வருபவர்களுக்கே மறுபடியும் பரிமாறுகிறது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பொது நூலகம் வேறு கணக்குப் போட்டது. 1977-ல் புதிதாகக் குடியேறியவர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கி, எந்தப் பகுதியில் எந்த மொழிக்காரர்கள் வசிக்கிறார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டியது. அதற்கேற்ப அவரவர் தாய்மொழியில் புத்தகம், ஆங்கில வகுப்பு, அவர்கள் ஊர்க் கலை நிகழ்ச்சி என்று அமைத்தது. உள்ளே வருபவர்களை எண்ணுவதோடு நிற்காமல், வெளியே யார் இருக்கிறார்கள் என்று தேடிய நூலகம் அது.

ஒரு பிரிவினருக்கென்று நிகழ்ச்சி வைப்பது ராபின்சன் நூலகத்தைப் போலத் தனியாகப் பிரிப்பதுதானே என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அலெக்ஸாண்ட்ரியாவில் தனி நூலகம் கட்டியது, பெரிய நூலகத்தின் கதவு மூடியே இருப்பதற்காக. குவீன்ஸில் ஆங்கில வகுப்பு முடித்தவர் அதே கட்டடத்தில் எந்த அலமாரிக்கும் போகலாம். எல்லோரும் இருக்கும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு நியாயமானது. ஒதுக்கி நிறுத்தும் ஏற்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அநீதிதான்.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில், எந்தப் பேச்சாளரைக் கூப்பிடலாம் என்று ஆலோசிக்கும் முன், இந்த ஊரில் இதுவரை நூலகப் படி ஏறாதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவர்களில் இரண்டு பேரையாவது அழைத்து, என்ன வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். நிகழ்ச்சியை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.