தகுதி எங்கே பிறந்தது?

'பிறவிப் பேறு' என்கிறார்கள், 'ஆண்டவன் அருள்' என்கிறார்கள், 'தலையெழுத்து' என்கிறார்கள். ஒருவன் உயர்ந்துவிட்டால், அந்த உயர்வுக்குக் காரணம் கற்பிக்க இவர்களிடம் சொற்பஞ்சம் இல்லை. உயராமற் போனவர்கள் ஏன் உயரவில்லை என்று கேட்டுப் பாருங்கள்! ஒரே ஒரு சொல்தான் விடையாக வரும்: 'தகுதியில்லை!'

தகுதி! கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப்போன சொல். அது எங்கே பிறக்கிறது? யார் அதனை வளர்க்கிறார்கள்? எந்தத் துலாக்கோலில், எவர் கையால் அது நிறுக்கப்படுகிறது? இவற்றை ஆராயாமல் அச்சொல்லுக்குத் தலை வணங்குவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஏட்டுத் தத்துவங்களைச் சற்றே ஒதுக்கிவைத்து, புல்தரையில் ஓடிய ஒரு சிறுவனின் கால்களைக் கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்வோம்.

1958 ஜூன் 29. சுவீடன் நாட்டிலே உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். பிரேசில் 5, சுவீடன் 2. பிரேசிலின் கோல்களில் இரண்டைப் போட்டவன் 17 வயது முன்னணி ஆட்டக்காரன் பெலே. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக மூன்று கோல். கால் இறுதியில் வேல்சுக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் அவனுடையதே. வெற்றி கிட்டியதும் கோல் கீப்பர் கில்மரின் தோளிலே முகம் புதைத்து அவன் அழுதான். 'அதிசயப் பிறவி' என்றது உலகம்.

அதிசயந்தானா? பிறவியினால் வந்ததுதானா?

1940 அக்டோபர் 23-இல் பிறந்த அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் எட்சன். மின்விளக்குத் தந்த எடிசனின் நினைவாக இட்ட பெயர் அது. வளர்ந்தது சாவோ பாவ்லோ மாநிலத்துப் பவுரு நகரில்; வறுமையின் மடியில். பிறர் காலணிக்கு மெருகேற்றிக் காசு சேர்த்த சிறுவன் அவன். பந்து வாங்கப் பணமில்லை. காலுறைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் கயிற்றால் கட்டினால் அதுதான் பந்து!

ஆனால், அந்த வீட்டில் இருந்தது வறுமை மட்டுமன்று. தந்தை டொண்டின்யோ ஒரு கால்பந்து வீரர். முழங்காலில் பட்ட காயம் அவரைப் பெரிய கழகங்களில் உயரவிடாமல் தடுத்தது. கற்ற கலையை மகனுக்குக் கற்பிப்பதை அது தடுக்கவில்லை. பவுருவின் இளைஞர் அணிக்குப் பயிற்சி தந்தவரோ வால்டெமார் டி பிரிட்டோ. 1934 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக ஆடியவர். 1956-இல் சிறுவனைச் சாண்டோஸ் கழகத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அவ்வாண்டு செப்டம்பர் 7-இல், 15 வயதில், சாண்டோஸ் அணிக்காக முதல் ஆட்டம். அதிலேயே முதல் கோல். 1957 ஜூலை 7-இல், மரக்கானா அரங்கில், அர்ஜென்டினாவுக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம். தோற்ற ஆட்டந்தான், எனினும் பிரேசிலின் ஒரே கோல் அவன் அடித்தது. 1958-இன் சாவோ பாவ்லோ மாநிலப் போட்டியில் மட்டும் 58 கோல்!

வீட்டிலே ஓர் ஆசான். ஊரிலே ஓர் ஆசான். அழைத்து அமர்த்திக்கொள்ள ஒரு கழகம். இத்தனையையும் 'அருள்' என்ற ஒரு சொல்லால் மூடினால், மகனுக்குத் தந்தை தந்த பாடம் மறைகிறது. ஆசானின் கண் மறைகிறது. சிறுவனின் வியர்வையும் மறைகிறது. இயற்கை அவனுக்கு வேகமும் உடற்கட்டும் தந்திருக்கலாம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பத்தாயத்தில் கிடக்கும் விதைநெல்லை எவரும் நாற்று என்று கூறுவதில்லை. நாற்றங்கால் வேண்டும், நீர் வேண்டும், காவல் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும்: திறந்த கதவு!

இதே சிறுவன் நாற்பதாண்டு முன்னதாகப் பிறந்திருந்தால்? பிரேசிலில் கறுப்பின மக்களின் அடிமைத் தளை சட்டப்படி அறுபட்டது 1888-இல். பின்னர் அங்கே பரவிய கால்பந்து, தொடக்கத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. ஆர்தர் பிரீடன்ரைக் போன்ற கலப்பின வீரர் ஒருவர் புகழ் பெற்றார். அவர் தந்தை ஜெர்மானிய வழிவந்த வணிகர். ஏழைக் கறுப்பனுக்கு அந்த வழி ஏது?

1923-இல் ரியோ நகரின் வாஸ்கோ ட காமா கழகம், கறுப்பினத்தாரையும் ஏழை வெள்ளையரையும் கொண்ட அணியுடன் நகரப் பட்டத்தை வென்றது. தகுதி மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது அல்லவா? கைதட்டி வரவேற்றார்களா? இல்லை! 1924-இல் பெருங்கழகங்கள் பிரிந்து சென்று தனிச் சங்கம் அமைத்தன. வாஸ்கோ அதில் சேரவேண்டுமாயின் 12 ஆட்டக்காரர்களை நீக்கவேண்டுமாம்! தக்க தொழில் இல்லாதவர்கள் என்பது சொன்ன காரணம். தோலின் நிறமும் வறுமையும் சொல்லாத காரணம். அக்கழகத்தின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் மறுத்து மடல் எழுதினார்: அவர்களை நீக்கிவிட்டு எங்களுக்கு இடம் வேண்டாம் என்று.

'ஆட்டத்துக்குப் பணம் பெறுவது இழிவு' என்று அந்நாளில் உபதேசித்தவர்கள் யார்? உழைத்துப் பிழைக்கவேண்டிய தேவை இல்லாதவர்கள்! வயிறு நிறைந்தவன் வகுத்த தூய்மை விதி, வயிறு காய்ந்தவனை வாயிலிலேயே நிறுத்தியது. 1933-இல் ரியோவிலும் சாவோ பாவ்லோவிலும் ஊதியம் பெற்று ஆடும் முறை ஏற்கப்பட்டது. அதற்குப் பின்புதான் ஏழையின் கால் அவன் வீட்டு அடுப்பை எரியவைக்க முடிந்தது. பெலே நுழைந்த கதவு, பிறர் போராடித் திறந்த கதவு.

'உண்மைத் திறமையை எவராலும் தடுக்க முடியாது' என்பார் உளர். அவர்களைக் கேட்கிறோம்: பவுருவின் தெருவில் ஒரு சிறுமி அதே காலுறைப் பந்தை உதைத்திருந்தால்? 1941-இல் பிரேசில் அரசு பிறப்பித்த ஆணை, பெண்மையின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் பெண்களுக்குக் கூடாது என்றது. கால்பந்தும் அந்தத் தடைக்குள் அடங்கிற்று. தடை நீங்கியது 1979-இல்! அதன் பின்னர் 1986-இல் பிறந்த மார்த்தா, ஐந்து உலகக் கோப்பைகளில் 17 கோல் குவித்தார். 1979-க்கு முன்பு அந்நாட்டுப் பெண்களுக்குக் கால்கள் இல்லாமலா இருந்தன?

சரி, கதவு திறந்தபின் தகுதியை அளந்த கோலாவது நேரியதா? 1958-இல் பிரேசில் அணியோடு ஓர் உளவியல் வல்லுநர் சென்றிருந்தார். சோதித்தார், தீர்ப்பளித்தார்: பெலே குழந்தைத்தனம் உடையவன், போராடும் உள்ளம் போதாது, கரிஞ்சாவும் பெரிய ஆட்டத்துக்கு ஏற்றவனல்லன்! பயிற்சியாளர் விசென்டி பியோலா அத்தீர்ப்பை ஒதுக்கினார், சோவியத் அணிக்கு எதிராக இருவரையும் இறக்கினார், வென்றார். அவ்விருவரும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. தாளில் எழுதிய தீர்ப்பைத் தரையில் ஓடிய கால்கள் பொய்யாக்கின. பியோலா அந்தத் தாளை நம்பியிருந்தால், 'தகுதியற்றவன்' என்பதே அறிவியல் முடிவாக நிலைத்திருக்குமே!

வென்றவனுக்கு மாலை. தோற்றவனுக்கு? 1950 ஜூலை 16-இல் அதே மரக்கானாவில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 எனத் தோற்றது. ஆடியவர் பதினொருவர், பழி வந்து குவிந்ததோ கறுப்பின ஆட்டக்காரர்கள் தலையில், எல்லாரினும் மேலாகக் கோல் கீப்பர் பார்போசாவின் தலையில். நாட்டுச் சட்டத்தில் அந்நாளில் மிக நீண்ட தண்டனையே 30 ஆண்டுதான், தாமோ அதனையும் மிஞ்சி அனுபவித்துவிட்டதாக அவர் நொந்து சொன்னதுண்டு. 2000-இல் இறக்கும் வரை அப்பழி அவரை விடவில்லை. வெற்றி வந்தால் நாட்டின் பெருமை. தோல்வி வந்தால் நிறத்தின் குற்றம்! இதுதானா நீதி?

பெலேயைக் 'கால்பந்தின் அரசன்' என்றார்கள். 2022-இல் அவர் மறைந்தபோதும் அப்பெயர் சொல்லியே அழுதார்கள். அவருடைய ஆற்றலைப் போற்றுவதில் நாம் எவர்க்கும் பின்வாங்கோம். ஆனால், அரசர்களைத் தேடி அலையும் கூட்டமன்று நாம். ஒருவன் ஏறிவிட்டான் என்பதைக் காட்டி, 'ஏணி எல்லார்க்கும் இருந்தது' என்று சாதிப்பதே நம்மை ஏய்க்கும் தந்திரம். உயர்ந்த ஒருவனைத் தெய்வமாக்கிவிட்டால், உயர்த்தாத சமுதாயம் கேள்விக்கு ஆளாகாமல் தப்பிக்கொள்கிறது!

எனவே, தோழர்களே, 'இவனுக்குத் தகுதி உண்டா?' என்று எவரேனும் கேட்டால், உடனே விடை தேடாதீர்கள், திருப்பிக் கேளுங்கள். இவனுக்குக் கற்பித்தவர் யார்? இவனுக்கு ஆட இடம் தந்தீர்களா? இவன் தங்கைக்குத் தந்தீர்களா? அளக்கும் கோலைச் செய்தவர் எவர்? இவற்றுக்கு விடை வந்தபின், தகுதியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை, மூடிய கதவுக்கு வெளியே நிற்பவனைப் பார்த்து 'உனக்கு ஓடத் தெரியாது' என்று கூற எவர்க்கும் உரிமையில்லை!