சுமப்பவள் சொல்

கரு கலைந்துவிட்டது என்றோ கலைத்துவிட்டார்கள் என்றோ சேதி வந்தால், கொங்கு நாட்டு வீடுகளில் வயதானவர்கள் முதலில் கேட்பது "எத்தன மாசங்கண்ணு?" என்பதைத்தான். இரண்டு மாதம் என்றால் ஒரு பெருமூச்சு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாலு வார்த்தை. ஐந்து மாதம் என்றால் குரல் தாழ்ந்துவிடும். "புள்ள அசஞ்சிருக்குமே" என்பார்கள். இது அறநூல் படித்து வந்த கேள்வியல்ல. கருவுக்கு மதிப்பு உண்டு, அது முதல் நாளே முழுசாக வந்து இறங்கிவிடுவதில்லை, மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது என்ற கணிப்பு அதற்குள் இருக்கிறது. நம்முடைய சடங்குகளும் அந்தக் கணிப்பின்படிதான் நடக்கின்றன. மூன்றாம் மாதத்தில் கரைந்த கருவுக்குக் கருமாதி செய்கிற வீடு கிடையாது. பச்சைக் குழந்தை இறந்தால் எரிக்காமல் புதைக்கிறோம். வளர்ந்த ஆள் போனால்தான் முழுச் சடங்கு. பெற்றவளின் துக்கம் இந்தக் கணக்கில் அடங்காது, அது வேறு.

1860இல் வெள்ளையர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டது. கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை, கரு அசையத் தொடங்கிய பிறகு கலைத்தால் 7 ஆண்டு வரை. இஸ்லாமிய சட்ட அறிஞர்களில் பலர் 120 நாளைக் கணக்கில் வைக்கிறார்கள், அதற்குப் பிறகே உயிர் ஊதப்படுகிறது என்று. எங்கெங்கிருந்தோ புறப்பட்டவர்கள் நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதை ஒப்பாதவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை கருவுற்ற கணத்திலிருந்தே அது மனித உயிர் என்பது. இந்துக் கோயிலுக்கு மட்டும் போகிற வீடுகளிலும் கலைப்பதைப் பாவம் என்று சொல்லி, வசதி இருந்தும் இல்லாமலும் மூன்றாவது பிள்ளையைப் பெற்றுக்கொண்ட பெண்கள் உண்டு. அசைவு என்பது தாய்க்குத் தெரிய வரும் நாள்தானே, அன்றைக்குக் குழந்தைக்குள் என்ன புதிதாக நடந்துவிட்டது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கோடு போடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: வளர்ச்சியில் துல்லியமான கோடு கிடையாது. ஆனாலும் ஆறு வாரக் கருவும் ஆறு மாதக் கருவும் ஒன்றென்று நாம் யாரும், பாவம் என்று சொல்கிறவர்கள் உட்பட, வாழ்க்கையில் நடந்துகொள்வதில்லை. அந்த நடத்தையில் இருக்கிற அறிவை மதிக்க வேண்டும். அதோடு, பாவம் என்று நம்பித் தன் கருவைச் சுமக்கிறவளின் முடிவுக்கு இருக்கிற அதே மரியாதை, அப்படி நம்பாதவளின் முடிவுக்கும் உண்டா என்ற கேள்வியும் பின்னாலேயே வருகிறது.

மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று ஒத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. 27 வயதுப் பெண். திருமணமானவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கருத்தரித்ததே வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கரு 26 வாரம். அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அமர்வு கலைக்க அனுமதித்தது. மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: கரு பிழைக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத் துடிப்பை நிறுத்திவிட்டா வெளியே எடுப்பது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். 11ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் இரண்டு வழிக்குப் போனார்கள். ஹிமா கோலியின் மனசாட்சி அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பெண் யோசித்து எடுத்த முடிவில் நீதிமன்றம் தன் முடிவைத் திணிக்கக் கூடாது என்றார் நாகரத்னா. இருவரும் பெண்கள், இருவருக்கும் முன்னால் இருந்தது ஒரே கோப்பு. 16ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு சொல்லப்பட்டது.

பெற்றுக் கொடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மேற்குத் தமிழ்நாட்டுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. 1992இல் சேலத்தில் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்றது அரசு. சேலம், தர்மபுரிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்த காலம் அது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் தமிழ்நாடு முழுக்க 942. சேலத்தில் 851, தர்மபுரியில் 826. அந்தத் தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. வரதட்சணையையும் சீரையும் அது தொடவில்லை, குழந்தையைப் போட்டுவிட்டுப் போன தாய் என்ன ஆனாள் என்று விசாரிக்கவும் இல்லை. அந்தக் குறையோடும் அது சரியான செயல்தான்.

அதே ஏற்பாட்டை 26 வாரக் கருவுக்கு நீட்டும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பிறந்த குழந்தையை யாரும் ஏந்திக்கொள்ளலாம். பாட்டி, பக்கத்து வீடு, அரசு, பிள்ளையில்லாத யாரோ ஒரு தம்பதி, யார் கை நீட்டினாலும் அது பிழைத்துவிடும். அதனால் அதைக் காப்பாற்றும் கடமை ஊருக்கே பொது, கொல்லும் உரிமை பெற்றவளுக்கும் கிடையாது. கருவை அப்படிக் கைமாற்றிக்கொள்ள முடியாது. அதைச் சுமக்க உலகத்தில் ஒரே ஓர் உடம்புதான் உண்டு, அந்த உடம்புக்குச் சொந்தக்காரி உறங்கும்போதும் சுமக்கிறாள். கருக்கலைப்பும் சிசுக்கொலையும் ஒன்று என்பவர்கள் கவனிக்காமல் விடுகிற வேறுபாடு இதுதான். சுமையில் பங்கு கேட்க முடியாத ஒரு கடமையைச் சுமத்தும்போது, சுமத்துகிறவர்கள் காட்ட வேண்டிய நியாயம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். 26 வாரத்தில் அந்த நியாயம் இருந்ததா? வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடிய கரு என்பதால் ஹிமா கோலியின் தயக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மறுப்புக்கு அடிப்படையான கருக்கலைப்புச் சட்டமே, கருவுக்குப் பெரிய ஊனம் இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் 24 வார வரம்பைத் தாண்டியும் கலைக்க அனுமதிக்கிறது. கருவின் உயிருக்காகத்தான் கதவு மூடப்படுகிறது என்றால் ஊனமுள்ள கருவுக்கு மட்டும் அது திறப்பது எப்படி? மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அஞ்சாம் மாத ஸ்கேன் முடிந்து வெளியே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிற கணவன் மனைவிக்கு இந்தக் கேள்வி கொடூரமாகப் படலாம். கேள்வி அவர்களை நோக்கி அல்ல, சட்டத்தை நோக்கி.

சுமப்பவள் பக்கத்திலிருந்து யோசிக்கிற வழக்கம் கொங்கு மண்ணுக்கு அந்நியமானதல்ல. ஈரோட்டிலிருந்து 'குடிஅரசு' நடத்திய பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, அதை ஆதரித்த மற்றவர்களிடமிருந்தே தன்னைப் பிரித்துக்கொண்டார். பெண்களின் உடல்நலத்துக்காக, தேசத்தின் வறுமைக்காக, குடும்பச் சொத்து சிதறாமல் இருக்க என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். பெண்ணின் விடுதலைக்காக என்றார் பெரியார். அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. கருக்கலைப்புக்கு அதை அப்படியே நீட்டுவது நியாயமில்லை. ஆனாலும் அவர் பிரித்துக் காட்டிய அந்தக் காரணங்கள்தான் இன்றைக்கும் இந்த விவாதத்தின் நடுவே நிற்கின்றன. கொங்கு நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்ததற்கு எந்தக் காரணம் வென்றது என்று பார்த்தால், பெண்ணின் விடுதலையைவிடப் பூமி பாகம் பிரியக் கூடாது என்பதே பல வீடுகளில் முன்னால் நின்றது. ஒத்தைப் பிள்ளை போதும், அது பையனாக இருந்தால் நிம்மதி. ஒன்றே போதும் என்ற தீர்மானத்தோடு ஸ்கேன் இயந்திரம் கைகோத்தபோது என்ன நடந்தது என்பதை மேலே சொன்ன எண்கள் ஓரளவு காட்டுகின்றன. பெண் கிடைக்காமல் முப்பத்தைந்து வயதிலும் தரகரோடு பாலக்காட்டுப் பக்கம் அலைகிற மாப்பிள்ளைகளின் கதைக்குப் படிப்பு, வேலை, ஜாதகம், சாதிக் கட்டுப்பாடு என்று பல காரணங்கள் இருந்தாலும், பிறக்க விடாத பெண்களும் அதில் ஒரு காரணம்தான்.

கருக்கலைப்பைப் பெண்ணின் முடிவுக்கு விட வேண்டும் என்பவர்களுக்கு இங்கேதான் சோதனை. அவள் முடிவு அவள் உரிமை என்றால், பெண் என்று தெரிந்து கலைப்பதும் அவள் முடிவுதானே? இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை பெறும் நிலையில் நான் இல்லை என்பது சுமப்பவள் தன்னைப் பற்றிச் சொல்வது. இது பெண் என்பதால் வேண்டாம் என்பது பிறக்கப்போகிறவளைப் பற்றிய தீர்ப்பு, அதனூடாகப் பிறந்துவிட்ட எல்லாப் பெண்களைப் பற்றிய தீர்ப்பு, சொல்கிறவளையும் சேர்த்து. முதலாவதில் ஊருக்கு வேலையில்லை. இரண்டாவதில் உண்டு. பாலினத் தேர்வைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது ஸ்கேன் செய்து பாலினம் சொல்வதை, கேட்பதை. ஸ்கேன் சென்டர் வாசலில் மாட்டியிருக்கிற அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கிற அறம் சரியானது. அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. ஒரு கர்ப்பிணி பாலினப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தால், கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியதால்தான் அவள் வந்தாள் என்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும். நம் வீடுகளை அறிந்தவர்கள் எழுதிய பிரிவு அது. மாமியாரும் நாத்தனாரும் கணவனும் கூடத்தில் பேசி முடித்த பிறகு, அடுப்படியில் இருக்கிறவளிடம் "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போகணும், கெளம்பிரு" என்று சொல்லப்படுகிற முடிவுக்கு அவள் முடிவு என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆனால் பாலினத் தேர்வைத் தடுக்கிற ஆத்திரம் திசை மாறியும் பாய்கிறது. கருக்கலைப்பு மாத்திரையை விற்க, டாக்டர் சீட்டோடு வந்தாலும், தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகள் தயங்குகின்றன. மாத்திரையால் கலைக்கச் சட்டம் அனுமதிப்பது 9 வாரம் வரை. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிய அதற்கு மேல் வாரங்கள் ஆக வேண்டும். ஆகவே அந்தத் தயக்கத்தால் காப்பாற்றப்படுகிற பெண் சிசு அநேகமாக இல்லை. நாள் தள்ளிப்போனதை உடனே கவனித்துத் தானாக முடிவெடுத்தவள்தான் அலைய வேண்டியிருக்கிறது. அலைகிற ஒவ்வொரு வாரமும் அவள் வயிற்றில் ஒரு வாரம்.

வாரக் கணக்கு எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதுமில்லை. மூன்று வருடம் வேலை செய்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டப் பெண் பிள்ளைகளை மில் விடுதிகளில் வைத்திருந்த பகுதி இது. இன்றைக்கு அந்தக் கட்டில்களில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் படுத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் வெளியே போக அனுமதி, அதுவும் வார்டனோடு என்றால், யாரிடம் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் போவாள்? பதினெட்டு நிரம்பாதவள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்திலேயே வீட்டார் ஆஸ்பத்திரி பக்கம் போகாமல் நாட்டு வைத்தியத்தை நாடுவதுண்டு. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, சிறுமியின் பெயரைக் காட்டிக்கொடுக்காமலும் மருத்துவர் தகவல் தரலாம் என்று அதே தீர்ப்பில் வழி செய்தது. இது கோவை, திருப்பூர் விடுதிச் சுவர்களைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா என்பதில்தான் அந்தத் தீர்ப்பின் மதிப்பு இருக்கிறது.

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுப்பதற்காக எழுதப்பட்டதல்ல, மருத்துவரைத் தண்டனையிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்டது. இன்றும் கேட்பவள் பெண், சரி என்று கையெழுத்திடுகிறவர் மருத்துவர். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் பழைய சட்டம் நம் பழக்கத்தைவிட முன்னால் நிற்கிறது. பதினெட்டு வயது நிரம்பி மனநலத்தோடு இருக்கிற பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். சம்மதப் படிவத்தில் கணவன் கையெழுத்துக்கு இடமே கிடையாது. ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் டோக்கன் எடுத்த உடனே வருகிற கேள்வி "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்பதுதான். வரவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். வந்திருந்தால் அவரிடமே பேசுகிறார்கள். கலைக்க வேண்டாம் என்கிற பெண்ணும் சரி, கலைக்க வேண்டும் என்கிற பெண்ணும் சரி, அந்த மேசையில் வாய் திறப்பதில்லை. கூட வந்தவர்களைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளிடம் தனியாக, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. கதவைச் சாத்தினால் போதும்.