ஐப்பசித் தோட்டமும் முருகனுக்கு நேர்ந்த தாரும்

ஓம் சரவணபவ. 

கந்த சஷ்டி பத்தி எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. விரத முறை, நைவேத்தியம் எல்லாம் பெரியவங்க நிறையவே எழுதிட்டாங்க. நான் பெங்களூருல கோடு எழுதிப் பிழைக்கிறவன், சாஸ்திரம் படிச்சவன் இல்லை. அதனால போன ஐப்பசியில எங்க தோட்டத்துல நடந்த ஒண்ணை மட்டும் சொல்றேன்.

எங்க ஊர் கீழ்மலை. பழனி மலைத்தொடரோட கீழ்ப்பகுதியை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். தாண்டிக்குடி பாலமுருகன் கோயில் எங்களுக்குப் பக்கம். பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு வந்த முருகன் இங்கே நின்னுட்டு, இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதிச்சார், ‘தாண்டிக்குதி’தான் தாண்டிக்குடி ஆச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அப்பாவுக்கு அங்கே ரெண்டு ஏக்கர். மலைவாழை, நடுவுல காபி, சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு, ஓரத்துல கொஞ்சம் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும்.

தொல்காப்பியத்துல குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோன், அதாவது நம்ம முருகன். அதே நிலத்துக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. காலேஜ்ல படிக்கும்போது இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதோட சரி. மலையில ஐப்பசி எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு உரையே வேண்டாம். மதியம் ரெண்டு மணிக்கே மூடுபனி இறங்கும். எதிர் வரப்புல நிக்கிற ஆள் தெரியாது, இருமல் மட்டும் கேக்கும். காபிப் பழம் ஒண்ணொண்ணா சிவக்க ஆரம்பிக்கும். மழை ஈரத்துல மண்ணு இளகி, தார் போட்ட வாழை சாயப் பார்க்கும், ஒவ்வொண்ணுக்கும் கம்பு முட்டுக் கொடுக்கணும். காஞ்ச சருகை அறுக்கணும். ராத்திரி காட்டுமாடு வந்துட்டுப் போன தடம் காலையில தெரியும். குளிர் ஏற ஏற வாழை புது இலை விடறதே மெதுவாகிடும். இந்தச் சமயத்துல ஈன்ற தார் முத்த ரொம்ப நாள் எடுக்கும். அதனால பனி இறுகறதுக்குள்ள செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிக்கணும்னு அப்பா பரபரன்னு இருப்பார்.

மலைவாழைன்னு சொன்னேனே, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த விருப்பாட்சிப் பழம்தான். மத்த பழத்தை விட இதுல தண்ணிச்சத்து கம்மி. பஞ்சாமிர்தத்துல ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கிறதில்லை, பழமும் நீர்விடாது. அதனாலதான் ஃப்ரிட்ஜ் இல்லாமலே தாங்குது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. பழத்துக்கு அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கிடைச்சிடுச்சு. ஆனா ஒரு காலத்துல கீழ்மலை முழுக்க இருந்த வாழை இது. முடிக்கொத்து நோய் வந்து அழிச்சது போக மிச்சம்தான் இப்ப நாம சாப்பிடறது.

அப்பாவும் ஒரு தடவை மொத்தத்தையும் இழந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி நோயில்லாத திசு வளர்ப்புக் கன்னு வாங்கி மறுபடி நட்டார். நடும்போதே, முதல்ல வர்ற தார் தைப்பூசத்துக்கு முருகனுக்குன்னு நேர்ந்துக்கிட்டார்.

தீபாவளிக்குப் போன நான் வொர்க் ஃப்ரம் ஹோம் சொல்லிட்டு சஷ்டி வரைக்கும் இருந்தேன். அப்பாகூட ஆறு நாள் விரதம் இருக்கத்தான்னு அம்மாகிட்ட சொன்னேன். லேப்டாப்புல வேற ஒண்ணு இருந்தது. ஒரு எக்செல் ஷீட். அஞ்சு வருஷ வரவு செலவு, கூலி, உரம், அப்பாவோட முதுகுவலி வைத்தியச் செலவு வரைக்கும் போட்டு, தோட்டத்தை வித்துடறதுதான் சரின்னு காட்டுற மாதிரி தயார் பண்ணி வச்சிருந்தேன். அப்பா கஷ்டப்படக் கூடாதுங்கறதுதான் காரணம். அப்படித்தான் எனக்கே நான் சொல்லிக்கிட்டேன்.

விரதத்துல நாலாம் நாள் காலையில அப்பா மேல் வரிசையில ரொம்ப நேரமா குனிஞ்சே நின்னார். முருகனுக்கு நேர்ந்த வாழை. தார் வெளிய வந்து ஒரு மாசம் இருக்கும், காய் இன்னும் விரல் தடிமன் ஆகலை. தாய் பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா அடியில இருந்த ரெண்டு பக்கக் கன்னுலயும் இலை குறுகி, விறைச்சு, உச்சியில கொத்தா நின்னுச்சு. இலைக்காம்பைத் திருப்பிக் காட்டினார். கரும்பச்சையில புள்ளி, கோடு, புள்ளி, கோடு. மோர்ஸ் கோடு மாதிரி.

“கன்னை மட்டும் எடுத்துடலாம்பா. தாயை விடுங்க, தார் தைக்கு வந்துடும்ல” என்றேன்.

“கிழங்கு ஒண்ணுதானே சாமி. தாய்க்கும்தான் வந்திருக்கு.”

“முருகனுக்கு நேர்ந்ததாச்சேப்பா.”

“அவருக்கு நேர்ந்ததுன்னு இதை விட்டு வச்சா, பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு நான் சூரனை வளத்துக் குடுக்கறேன்னு அர்த்தம்.”

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி ஒரு வாழையில உறிஞ்சிட்டு இன்னொண்ணுக்குப் போகும்போது வைரஸையும் கொண்டு போகும். வெட்டுறதுக்கு முன்னாடியே மருந்தடிச்சு பூச்சியைக் கொல்லணும், இல்லாட்டி அது அடுத்த வாழைக்குப் போயிடும். அன்னைக்கே மருந்தடிச்சார். வெட்டுறதை மட்டும் ரெண்டு நாள் தள்ளினார். மனசு வரலைன்னு நினைக்கிறேன். கேட்டதுக்கு மழைன்னு சொன்னார்.

சூரசம்ஹாரக் கதை உங்க எல்லோருக்கும் தெரியும். கடைசியில சூரபத்மன் கடல் நடுவுல மாமரமா நின்னான், வேல் அதை ரெண்டாப் பிளந்தது, ஒரு பாதி மயில், மறுபாதி சேவல். ‘பகைவனுக்கும் அருளினான் பாருங்க’ன்னு நாம உடனே மயிலுக்கு ஓடிப் போயிடறோம். எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஒரு சந்தேகம். அவ்வளவு மாயம் தெரிஞ்ச அசுரன், ஒளியறதுக்கு ஏன் மாமரத்தைப் பிடிச்சான்? முள்மரமா நின்னிருக்கலாமே? ஆறாம் நாள் காலையில அந்தத் தாருக்கு முன்னாடி மண்வெட்டியோட நின்னப்பதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. காய்க்கிற மரத்துல கை வைக்க யாருக்கும் மனசு வராது. அதுலயும் அது சாமிக்கு நேர்ந்ததா இருந்துட்டா கேக்கவே வேண்டாம். இது என் யோசனைதான், புராணத்துல இருக்குன்னு சொல்ல வரலை. பெரியவங்க தப்புன்னா திருத்துங்க.

அப்பா விபூதி பூசிக்கிட்டு முதல் வெட்டு வெட்டினார். நான் கிழங்கைத் தோண்டினேன். துண்டு துண்டாக்கி, மறுபடி துளிர்க்காம வேரோட எடுக்கணும். சேறு முழங்கால் வரைக்கும். விரதத்துல பால், பழம் மட்டும் சாப்பிட்ட உடம்பு, கை நடுங்குது. அந்தச் சேத்துக்குள்ள நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். “அப்பா, தோட்டத்தை விக்கலாம்னு ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். உங்க முதுகுவலிக்காகன்னு சொல்லலாம்னு இருந்தேன். அது இல்லப்பா. பெங்களூருல ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கேன், அட்வான்ஸ் பத்தலை.”

அப்பா நிமிரலை. “தெரியும். அம்மா சொன்னா. அந்த வேரை விட்டுட்ட பாரு, அங்க.”

அம்மாவுக்கு எப்படித் தெரியும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சாயங்காலம் தாண்டிக்குடிக்கு நடந்தோம். காப்பு அவுத்துட்டு, வீட்டுக்கு வந்து அம்மா வச்ச ரசம் சாதம் சாப்பிட்டு, அப்பா எட்டு மணிக்கே தூங்கிட்டார். ஷீட்டை அவர் பார்க்கக் கேக்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை. தோட்டம் இப்ப வரைக்கும் அவர் பேர்லதான் இருக்கு. முதுகுவலியும் இருக்கு, அது பொய் இல்லை. அதுக்கு மட்டும் இந்த மாசம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

நேர்த்திக்கடனை அடுத்து வந்த தாருக்கு மாத்திட்டார். குளிர்ல அது மெதுவாத்தான் முத்துச்சு, தைப்பூசத்துக்கு வரலை. மாசி கார்த்திகைக்குத்தான் பழனி கொண்டுபோனோம். சின்னத் தார், ஏழு சீப்பு.

இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குத் தாண்டிக்குடி வர்றவங்க ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கோங்க. மூடுபனி இறங்கிட்டா வண்டி ஓட்டறது கஷ்டம், காலையிலேயே தரிசனம் பண்ணிட்டு இறங்கிடுங்க. வர்ற வழியில யார் தோட்டத்துலயாவது வாழைக்கன்னு கேட்டு வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, தயவு செஞ்சு.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!