நட்டத்திலும் பங்காளி

ஊரார் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, ஊரிலேயே தொழில் உண்டாக்கி, நம் இளைஞர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்னும் பேச்சு நம் ஊர்களுக்குப் புதிதன்று. மீலாது மேடைகளில் அதைக் கேட்டிருக்கிறோம். அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசியிருக்கிறோம். கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய பின்னரும் எழுந்து போக மனமின்றி அதையே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எந்தத் தொழில், எவ்வளவு பணம், யார் பொருளாளர் என்பதெல்லாம் அப்பேச்சில் தவறாமல் வரும். ஒரு கேள்வி மட்டும் வருவதில்லை. போட்ட பணம் போய்விட்டால், அது யாருடைய பணம் போனதாகும்?

நல்ல காரியம் பேசும் வேளையில் இது என்ன கேள்வி என்று முகம் சுளிப்பவர் உண்டு. ஆயினும், ஒரு சமுதாயம் தன் ஏழையைக் கூட்டாளியாகக் கருதுகிறதா, வெறும் கையேந்தியாகக் கருதுகிறதா என்பது இந்த ஒரு கேள்விக்கு அது சொல்லும் விடையில்தான் தெரிகிறது. தானம் கொடுப்பவர் கொடுத்ததோடு தம் பொறுப்பு முடிந்ததென்று போய்விடுகிறார். பொருள் கரைந்தாலும் பெருகினாலும் அவருக்குப் புண்ணியம் உண்டு, கவலை இல்லை. வட்டிக்குக் கொடுப்பவருக்கும் கவலை இல்லை. மழை பொய்த்தாலும் மாடு செத்தாலும் அவருடைய முதலும் வட்டியும் வந்து சேர வேண்டும். இவ்விருவருக்கும் நடுவே நிற்பவர்தாம் பங்காளி. வாங்கியவரோடு சேர்ந்து இரவில் தூக்கம் கெடுபவர் அவர் ஒருவரே.

அபூதாவூதில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்ஸாரிகளில் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று பெருமானார் வினவினார்கள். பாதியைப் போர்த்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு கம்பளமும், தண்ணீர் அருந்தும் ஒரு கிண்ணமும் உண்டு என்றார் வந்தவர். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தம் கையிலேந்தி, யார் வாங்குகிறீர்கள் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்குமேல் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்டபின், இன்னொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. கோடரி வந்ததும் அதற்குப் பிடியைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வாரும், பதினைந்து நாட்கள் உம்மை நான் காணலாகாது என்று அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார்.

உழைப்பின் உயர்வைச் சொல்லவும், இரந்து நிற்பதன் இழிவைச் சொல்லவும் இந்த ஹதீஸை எடுத்தாள்வது நம் வழக்கம். அது சரியே. ஆனால், உழைக்கச் சொல்லி அவரைத் தனியே அனுப்பிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சபை முழுதும் அவருடைய முதலீட்டில் சேர்ந்துகொண்டது. பழைய கம்பளத்துக்கும் கிண்ணத்துக்கும் விலையை இரு மடங்காக்கியது அந்தச் சபை. வீட்டின் பசிக்கு முதலில் ஒரு திர்ஹத்தை ஒதுக்கிய பிறகே தொழிலுக்கு மற்றொன்று போயிற்று. பசித்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு எவரும் நிதானமாக விறகு வெட்ட முடியாதன்றோ! தொழிற்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் இன்றைக்கும் மறந்துபோகும் கணக்கு இது. கொடுத்த கடன் அரிசியாகவும் மருந்தாகவும் செலவாகிவிட்டது என்று பின்னர் குறை சொல்வார்கள். முதல் திர்ஹத்தை ஒதுக்காமல் இரண்டாவதை மட்டும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

பங்காளியாவது எத்துணைக் கடினம் என்பதை ஜெர்மனியின் கிராமங்களில் ஒரு மனிதர் பல ஆண்டுகள் அலைந்து கற்றார். ரைஃபைசன் என்பவர் வையர்புஷ் என்ற சிற்றூர்ப் பகுதியின் தலைவராக இருந்தபோது, 1846-47 குளிர்காலத்தில் கொடும் பஞ்சம் வந்தது. வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பின்னர் வேறு ஊர்களுக்கு மாறிச் சென்றபோதும் செல்வந்தர்களின் நல்லெண்ணத்தை நம்பியே சங்கங்கள் அமைத்தார். நாளடைவில் அந்த நல்லெண்ணம் சோர்ந்தது. பஞ்சத்தின் நினைவு மங்க மங்க, பிறர் கடனுக்குப் பொறுப்பேற்பதில் அவர்களுக்கு இருந்த ஆர்வமும் குறைந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம்மில் யார்தான் பத்தாண்டுகள் சோராமல் கொடுத்திருக்கிறோம்? 1864இல் ஹெடஸ்டார்ஃப் ஊரில் ரைஃபைசன் தம் முறையை அடியோடு மாற்றினார். கடன் வாங்குவோரே சங்கத்தின் உறுப்பினர்; ஒருவர் கடனுக்கு அனைவரும் தத்தம் சொத்து முழுவதாலும் பொறுப்பு. கேட்பதற்கே அச்சமூட்டும் விதி. ஆனால், அண்டை வீட்டுக்காரன் தவறினால் தன் நிலமும் போகும் என்னும்போதுதான், அண்டை வீட்டான் என்ன பயிர் வைத்தான், ஏன் விளையவில்லை, அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்கும் அக்கறை பிறக்கிறது.

இந்த மனிதரின் நிழல் நம் நாட்டிலும் விழுந்தது. 1892இல் சென்னை மாகாண அரசு பிரடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராய அனுப்பிற்று. 1895, 1897 ஆண்டுகளில் அவருடைய அறிக்கையின் இரு பகுதிகளும் வெளிவந்தன. அத்தனை பக்கங்களின் சாரமும், நமக்கொரு ரைஃபைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதே. பணத்தைத் தேடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆளைத் தேடச் சொன்னார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. சட்டத்தால் சங்கங்களைப் பதிவு செய்ய முடிந்தது. ஆளைப் பதிவு செய்ய வழியில்லை.

நம் சமுதாயத்தார் அதிகம் பேசாத, ஆனால் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஊர் ஒன்று எகிப்தில் உண்டு. நைல் நதியின் கழிமுகத்தில், பருத்தி விளையும் பகுதியில் உள்ள மீத் கம்ர். ஜெர்மனியில் பொருளாதாரம் பயின்று, அங்குள்ள ஊர்ச் சேமிப்பு வங்கிகளை நேரில் கண்டு திரும்பிய அஹ்மத் அந்நஜ்ஜார், 1963இல் அவ்வூரில் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியொன்றைத் தொடங்கினார். அப்போது எகிப்தில் இருந்த அரசியல் சூழ்நிலையில் அதன்மீது மார்க்கத்தின் பெயர் எழுதப்படவில்லை. வட்டி வேண்டாம் என்று வங்கியின் வாசலையே மிதிக்காமலிருந்த குடியானவருக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவும் இல்லை. சில காசுகளைக்கூடச் சேமிப்பாக ஏற்றார்கள். சில ஆண்டுகளிலேயே அதுபோன்ற கிளைகள் ஒன்பதாயின. சேமிப்போர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

அந்த வங்கியின் அறநெறியெல்லாம் அதன் கணக்குப் புத்தகத்தில் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். மூன்று வகைக் கணக்குகளை அவர்கள் தனித்தனியே வைத்திருந்தார்கள். ஒன்று, சேமிப்பு. கேட்டபோது திரும்பப் பெறலாம், லாபம் இல்லை, ஆனால் அதில் சேமித்தவர் தமக்குத் தேவை வரும்போது வட்டியில்லாக் கடன் கேட்கலாம். இன்னொன்று, முதலீடு. அந்தப் பணம் உள்ளூர்த் தொழில்களில் பங்காகப் போகும். லாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் அதிலும் பங்கு. மற்றொன்று ஜகாத் நிதி. கதியற்றோருக்கும் கடனில் மூழ்கியோருக்கும் உரியது.

பொதுப் பணத்தைத் தொழிலில் போடலாகாது, அது அமானிதம், யத்தீமின் காசும் விதவையின் காசும் அதில் கலந்திருக்கிறது என்று நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஒருத்தி தன் கம்மலை விற்றுக் கொடுத்த பணத்தைக் கொண்டு ஊர்த் தலைவர்கள் துணிச்சல் காட்டக் கூடாது. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை, எல்லாப் பணத்தையும் பூட்டி வைப்பதன்று. எந்தக் காசு நட்டப்படலாம், எது படலாகாது என்று முதல் நாளிலேயே பிரித்து எழுதுவதாகும். நட்டம் வரக்கூடும் என்று தெரிந்து, அதற்கு மனமொப்பிக் கொடுத்தவரின் பணம் மட்டுமே தொழிலுக்குப் போக வேண்டும். மீத் கம்ரின் குடியானவன் தன் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை அறிந்திருந்தான்.

1967இல் அந்த வங்கிகள் அரசு வங்கிகளின் பொறுப்பில் போயின. வட்டியில்லா முறை கைவிடப்பட்டது. 1971இல் நாசர் சமுதாய வங்கி என்ற பெயரில் அரசே அவ்வெண்ணத்தை வேறு வடிவில் எடுத்துக்கொண்டது. பின்னாளில் உலகெங்கும் எழுந்த பெரிய இஸ்லாமிய வங்கிகள் மீத் கம்ரைத் தம் மூதாதை என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் அவற்றுள் பல, வாணிகப் பொருளை வாங்கி நிர்ணயித்த லாபம் வைத்து விற்கும் முறையையே பெரிதும் நாடின. ஏழையோடு நட்டத்தில் பங்கு கொள்ளும் முறை ஒதுங்கிப்போயிற்று. மூதாதையின் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு அவருடைய தொழிலை விட்டுவிட்ட பிள்ளைகளை நாம் வேறிடத்திலும் பார்த்திருக்கிறோமே!

இங்கே நம் வீட்டுக் கதையொன்றும் உண்டு. வட்டி ஹராம், ஆகவே எங்களிடம் பங்குதாரராகச் சேருங்கள் என்று சொல்லி, லட்சத்துக்கு மாதம் இவ்வளவு லாபம் என்று உறுதி கூறிப் பணம் வாங்கியவர்களை நம்மில் பல குடும்பங்கள் அறியும். வளைகுடாவில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணமும், மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த பணமும் அவ்வாறு போயிருக்கின்றன. ஏமாற்றியவர்மீது கோபம் நியாயமே. ஆயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. மாதந்தவறாமல் ஒரே தொகை எந்த வியாபாரத்தில் வரும்? மழைக்காலத்தில் ஒரு வரவு, நோன்புப் பெருநாளுக்கு முன் ஒரு வரவு என்பதுதானே கடைத்தெருவின் இயல்பு? நட்டமே வராத பங்கை நாம் விரும்பினோம். வட்டியின் நிம்மதியும் வேண்டும், வட்டி என்ற பெயரும் கூடாது என்றிருந்தோம். அந்த விருப்பத்தைத்தான் அவர்கள் நமக்கு விற்றார்கள்.

கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு பெருமானார் வாணிபம் செய்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். முளாரபா என்னும் அம்முறையில், உழைப்பவர் நேர்மையாக நடந்தும் நட்டம் நேர்ந்தால் முதல் போட்டவருக்குப் பொருள் போகும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு போகும். ஒருவர் மற்றவரைத் துரத்த வழியில்லை.

அரசும் சமுதாயமும் கூட்டுச் சேரும் ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம், ஆதரவற்ற பெண்களுக்கும் விதவையருக்கும் சிறுதொழில் செய்ய உதவுகிறது. சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக, ஒரு வரம்புக்குட்பட்டு, அரசும் மானியம் தருகிறது. முதலில் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது பின்னர் ஒன்றுக்கு இரண்டாயிற்று. நல்ல ஏற்பாடு, நம் செல்வந்தரின் ஒரு ரூபாய் மூன்றாகிறது. ஆனால் செல்வந்தரே இல்லாத மாவட்டத்தில் அந்த ஒரு ரூபாயை யார் போடுவது? ஈடு கொடுக்கும் முறை, கொடுக்க வல்லவர் உள்ள இடத்துக்கே அதிகம் கொடுக்கும். தோல் வணிகமும் கடல் வணிகமும் செழித்த ஊர்களின் ஜமாஅத்துகள், தமக்குத் தொடர்பே இல்லாத வறண்ட மாவட்டத்தின் பெயரில் நன்கொடை செலுத்தினால் அரசின் பங்கும் அங்கே போகும். தன் ஊர், தன் மஹல்லா என்னும் பற்றை அந்த அளவுக்காவது தளர்த்த முடியுமா என்பது நம் மனம் பற்றிய கேள்வி.

தோல் வணிகம் என்றதும் பாலாறு நினைவுக்கு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் அதன் செல்வத்தால் எழுந்தன. அதே தொழிலின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தனியொரு சிறு தொழிற்சாலையால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. ஆகவே முதலாளிகளின் பங்குத் தொகையும், மத்திய மாநில அரசுகளின் மானியமும், வங்கிக் கடனும் சேர்ந்து பொது நிலையங்கள் உருவாயின. கூட்டு முயற்சிக்கு அவை நல்ல சான்று. அவற்றால் எத்தனையோ பேருடைய வேலை தப்பிற்று. இருந்தும் 2025இல் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் பேச நேர்ந்தது. கூட்டாளிகளின் பட்டியலில் முதலாளி இருந்தார், அரசு இருந்தது, வங்கி இருந்தது. தன் கிணறு உவர்த்துப்போன உழவன் மட்டும் இல்லை. லாபத்தில் அவனுக்கு இடமில்லை. நட்டத்தை மட்டும் அவன் கேட்காமலேயே பங்கிட்டுக்கொண்டான். அவர்களில் நம் சமுதாயத்தவரும் உண்டு, பிறரும் உண்டு. தண்ணீருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே, ஊர் நிதி ஒன்று தொடங்க நினைப்போர் முதற்கூட்டத்திலேயே, யார் தலைவர் என்று பேசுவதற்கு முன்பாக, நட்டத்தைப் பற்றிப் பேசிவிடட்டும். இரண்டு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு ஆர்டர் வராமல் போகலாம். கோழிப்பண்ணையில் நோய் விழலாம். கணக்கு ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தும் பணம் போயிருக்கலாம். ஆண்டிறுதியில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அந்தக் கணக்கை வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னாருக்குக் கொடுத்த முதலில் இவ்வளவு நட்டம் என்று ஒரு வரி வருகிறது. அந்த இன்னாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சபையில் ஒருவர் தொண்டையைக் கனைக்கிறார். இன்னொருவர் திரும்பிப் பார்க்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எந்த ஸஃப்பில் வந்து நிற்பார்?