ஒருவர் கண்ட காட்சி பலர்க்கும் புலனாவது எங்ஙனம்?

ஒரு பெரும்பணியைத் தொடங்குபவர் உள்ளத்தில் அப்பணி நிறைவெய்திய வடிவம் முன்னரே தோன்றிவிடுகிறது. அருகில் நிற்பவர் கண்ணுக்குப் படுவனவோ வெற்று நிலமும் செலவுக் கணக்குமே. அகத்தே ஒருவர் காணும் காட்சியைப் பலரும் காணச் செய்வது எங்ஙனம்? ஆணையால் ஆகும் என்பர் சிலர். நாவன்மையால் ஆகும் என்பாரும் உளர். ஆயிரம் கைகள் கூடி ஒரு வடம் பிடிக்கும் இத்திருவிழாக் காலத்தில் இதனைச் சற்றே சிந்திப்பது பொருத்தமுடையதே.

கிட்கிந்தா காண்டத்தை நினைவு கூர்வோம். வானர வீரரை நாற்றிசையும் ஏவிய சுக்கிரீவன், தேடவேண்டிய நாடுகளையும் மலைகளையும் ஆறுகளையும் விரித்துரைத்தான். ஒரு திங்கள் தவணை வைத்தான். தவறினால் கடுந்தண்டம் என்றான். கட்டளையில் தெளிவுக்குக் குறைவில்லை. ஆயினும் தவணை கடந்ததும், தென்றிசை சென்ற அங்கதன் முதலியோர் தேடுவதை விடுத்து, உண்ணாதிருந்து உயிர்விடத் துணிந்தனர். பிராட்டி இருக்குமிடத்தைச் சம்பாதி உரைத்த பின்னரும், கடலைக் கடப்பவர் யார் என்ற தயக்கம் நீங்கவில்லை. ஆணையும் போதவில்லை, செய்தியும் போதவில்லை. ஜாம்பவான் அநுமனுக்குப் புதிதாக எதையும் கற்பித்தாரல்லர், அவனிடமே இருந்த ஆற்றலை அவனுக்கு நினைவூட்டினார், அவ்வளவே.

இஃது இதிகாசத்துக்கு மட்டும் உரியதன்று. நம் காலத்தில் மதுரையில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு தென்பாண்டிச் சீமைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கொடிய முடக்குவாதம் அவரைத் தாக்கி, விரல்களைக் கோணச் செய்தது. மகப்பேற்று மருத்துவராக விரும்பியவர், அதனைக் கைவிட்டுக் கண் மருத்துவம் பயின்றார். தம் விரல்களுக்கு ஏற்ப அமைத்த கருவிகளைக் கொண்டு, வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தார். 1976-இல், தமது ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றதும் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவற்றுள் ஆறு, பணம் செலுத்த இயலாதவர்க்கு.

தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பதே அவர் கண்ட காட்சி. பதினொரு படுக்கைகளை வைத்துக்கொண்டு இவ்வாறு கூறுபவரை உலகம் எளிதில் நம்பிவிடுமா? அவர் சொன்ன உவமையும் விந்தையானது. அமெரிக்க நாட்டின் மெக்டொனால்டு உணவுக்கடை எவ்வூரிலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் பண்டம் வழங்குகிறதே, கண் சிகிச்சையை ஏன் அவ்வாறு வழங்கலாகாது என்பார். புலால் விற்கும் கடையை உவமை கூறுவது நம் அன்பர் சிலர் செவிக்கு இனிக்காது. ஆனால் கேட்பவர் மனத்தில் ஓர் உருவம் உடனே எழுந்துவிடுகிறதன்றோ? “சேவை”, “தியாகம்” என்று நூறு முறை முழங்கினும் அவ்வுருவம் எழாது.

உவமையோடு அவர் நின்றுவிடவில்லை. அறுவைக் கூடத்தில் மருத்துவர் ஒருவர்க்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கிராமத்துப் பெண்கள் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று மருத்துவர்க்கு உறுதுணையாயினர். இலவசப் பகுதியில் கட்டிலுக்குப் பதிலாகப் பாய் இருக்கலாம். அறுவை செய்யும் மருத்துவர் இரு பகுதியினர்க்கும் பொதுவானவரே. கண்ணுள் பொருத்தும் வில்லை அயல்நாட்டினின்று வருவதால் ஏழைகட்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்னும் நிலையம் அமைத்து இங்கேயே செய்யலாயினர். ஊழியர் அன்றாடம் செய்யும் வேலையிலேயே தலைவரின் கருத்து உறைந்திருந்தது. அதனைத் தனியே உபதேசிக்க வேண்டிய தேவை குறைந்தது.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. ஒருவர் தம் கனவுக்காகப் பிறர் உழைப்பையும் இளமையையும் கேட்பது முறையாகுமா? முதலில் அவரோடு இணைந்தவர் அவர்தம் உடன்பிறந்தாரும் அவர்களின் துணைவரும். உறவுக்குக் கட்டுப்பட்டு இசைவதும், காட்சியைத் தாமே கண்டு இசைவதும் ஒன்றல்ல. தலைவர் தாமும் அதே சுமையைத் தாங்கினால், மறுத்துச் செல்ல மற்றவர்க்கு வழியும் இருந்தால், அங்ஙனம் கேட்பதில் குற்றமில்லை என்பது எம் கருத்து. கோணிய விரல்களோடு அறுவை மேசையருகே நின்றவரைப் பார்த்து, “எம்மை ஏவிவிட்டு நீர் ஓய்ந்திருக்கிறீர்” என எவரால் கூற இயலும்?

இன்னொன்றும் உண்டு. கண்ணின் கட்டவிழ்க்கும் பெண், எதிரே இருக்கும் மூதாட்டி தன் முகத்தை உற்று நோக்குவதைக் காண்கிறாள். அவளுக்கு நோக்கத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை. பின்னறையில் கணக்கெழுதுபவர்க்கு அப்பேறு இல்லை. துணி வெளுப்பவர்க்கும் இல்லை. பல அறப்பணிகள் சோர்வது இத்தகையோரிடமே. தலைவர் இவர்களை ஆண்டு விழாவில் பாராட்டிப் பேசுவதினும், ஒரு நாள் கட்டவிழ்க்கும் இடத்துக்கே அழைத்துச் சென்று நிறுத்துவது மேல்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு மறைந்தார். மதுரை, தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி முதலிய ஊர்களில் அம்மருத்துவமனைகள் இன்றும் இயங்குகின்றன. பயிற்சிக்கு வரும் கிராமத்துப் பெண்கள் பலர் அவரை நேரில் கண்டதில்லை.